இளமையில் பயணம்: மதுரை வட்டார மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும், படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும், அவர்களுடைய பெற்றோரும் பயணம் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், கல்லூரி ஆசிரியர் என்ற முறையில் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் ஒரே அளவாக இல்லை. சொல்ல வேண்டியது மிகுதியாக உள்ள இடத்தில் விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

வேலைக்குப் போய்ப் பணம் சேர்ந்த பிறகு நிதானமாக ஊர் பார்த்துக்கொள்ளலாமே, ஏன் இந்த வயதிலேயே போக வேண்டும்?

பதினெட்டு வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில்தான் ஒருவர் தம் வாழ்க்கையின் பெரிய முடிவுகளில் பெரும்பாலானவற்றை எடுக்கிறார். எந்தத் தொழிலில் இறங்குவது, எந்த ஊரில் குடியிருப்பது, யாரைத் திருமணம் செய்துகொள்வது, யாரை நம்மவர் என்றும் யாரை அயலார் என்றும் கருதுவது ஆகியவை அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன. அதற்கு முன்னால் பார்த்த ஊர்களும் பழகிய மனிதர்களும் அந்த முடிவுகளுக்குள் வந்து சேர்கிறார்கள். பின்னால் பார்ப்பவை மகிழ்ச்சி தரும், ஓய்வு தரும். ஆனால் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்ட வழியை அவை அரிதாகவே மாற்றும். இளமையிலேயே போகச் சொல்வதற்கு நான் கருதும் முதற்காரணம் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். குஜராத்தில் ஆனந்த் என்ற ஊரில், 1946இல் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் அமுல் வளர்ந்தது. உசிலம்பட்டிப் பக்கம் இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஐம்பது வயதில் அந்த ஊருக்குப் போனால், நன்றாக நடத்துகிறார்கள் என்று வியந்துவிட்டுத் திரும்பிவருவார். அதே பிள்ளை இருபத்திரண்டு வயதில் போய், காலையில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்து, கொழுப்பை எப்படி அளக்கிறார்கள், பணம் எப்போது கைக்கு வருகிறது என்று விசாரித்தால், இதை நம் ஊரில் செய்ய முடியுமா என்ற கேள்வியோடு திரும்புவார். பார்த்த காட்சி ஒன்றேயானாலும், அதைக்கொண்டு ஏதேனும் செய்வதற்கான ஆண்டுகள் இரண்டாமவருக்குத்தான் மீதியிருக்கின்றன.

உடலும் பொறுப்புகளும் இதற்கு அடுத்து வரும் காரணங்கள். இருபது வயதில் முன்பதிவில்லாப் பெட்டியில் இரவு முழுவதும் உட்கார்ந்து போய்விட்டு மறுநாள் மலையேற முடியும். நாற்பதில் வீட்டுக் கடனுக்கான மாதத் தவணையும், பிள்ளையின் பள்ளித் தேர்வும், பெற்றோரின் மருந்தும் ஒன்றாக வந்து நிற்கும். அப்போது கிடைக்கும் விடுப்பு மூன்று நாள் என்றால் அதில் ஒரு நாள் உறங்கவே போய்விடும். முதுமையில் தம் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பவர்கள் ஏறக்குறையப் பத்து வயது முதல் முப்பது வயது வரை நிகழ்ந்தவற்றையே மிகுதியாக நினைவுகூர்கிறார்கள் என்பதும் உளவியலில் பலமுறை உறுதிசெய்யப்பட்ட செய்தி. நெடுநாள் உடன் இருக்கப்போகும் நினைவுகள் சேரும் காலத்தை வகுப்பறைக்கும் கைப்பேசிக்கும் மட்டுமே கொடுத்துவிடுவது வருந்தத்தக்கது.

கல்லூரிச் சுற்றுலாவில் கொடைக்கானலும் மைசூரும் பார்த்தாகிவிட்டது. அது போதாதா?

போதாது. ஐம்பது பேர் ஒரே பேருந்தில் ஏறி, வழியெல்லாம் தங்களுக்குள்ளேயே பேசிப் பாடி, ஏற்கெனவே பேசிவைத்த விடுதியில் சாப்பிட்டுத் திரும்பும் சுற்றுலாவை நான் குறை சொல்லவில்லை. தோழமைக்கு அது நல்லது. ஆனால் அதில் நீங்கள் வழி கேட்பதில்லை, பயணச்சீட்டு எடுப்பதில்லை, பணத்தை எண்ணிச் செலவழிப்பதில்லை, தெரியாத ஒருவரை நம்பலாமா கூடாதா என்று முடிவெடுப்பதும் இல்லை. நீங்களே திட்டமிட்டு, நீங்களே பொறுப்பேற்றுச் செய்யும் பயணத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

எங்கிருந்து தொடங்கலாம்?

வைகையிலிருந்து தொடங்குங்கள். மதுரையில் படிக்கும் பிள்ளைகள் ஏ.வி. பாலத்தைக் கடந்து போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்; ஆனால் அதன் அடியில் கிடக்கும் ஆறு எங்கே பிறந்து எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் ஒரு வகுப்பில் ஒருவர் இருவர்கூடத் தேறுவதில்லை. வருசநாட்டு மலைகளில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் வழியே 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்ந்து, எஞ்சிய நீரோடு ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலை அடையும் ஆறு இது. அரசுப் பேருந்துகளிலேயே இதைத் தொடர்ந்து போகலாம். நான்கைந்து நாள் இருந்தால் போதும், செலவும் மிகக் குறைவு.

ஆரப்பாளையத்தில் தேனிப் பேருந்து ஏறிக் கம்பம் சென்று, அங்கிருந்து லோயர் கேம்ப் போங்கள். கேரள மலைகளில் மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றின் நீரை முல்லைப் பெரியாற்றில் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895 முதல் கிழக்கே திருப்பிவிட்டிருக்கிறார்கள். மதுரைக்கு வரும் நீரில் அதற்கும் பங்கு உண்டு. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் லோயர் கேம்ப்பில் இருக்கிறது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15ஆம் தேதி கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். இருபோக நெல் வயல்களையும் திராட்சைப் பந்தல்களையும் பார்த்தபடி நடந்து, யாராவது ஒரு விவசாயியிடம் அணையின் நீர்மட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த 142 அடி என்ற கணக்கு அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

அதன் பிறகு ஒரு நாளை ஒதுக்கிக் குமுளியைத் தாண்டி வண்டிப்பெரியாறு வரை போய்வாருங்கள். அணைக்குக் கீழே குடியிருக்கும் மலையாளிகளும், அங்கே தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்யும் தமிழர்களும் அதே அணையைப் பற்றி என்ன அச்சத்தோடு பேசுகிறார்கள் என்பதைக் கேட்க வேண்டும். நம் பக்கத்து உரிமை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒரு வழக்கின் மறுபக்கத்து மனிதரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர், செய்தி படிக்கும்போது மற்றவர்களைவிடப் பொறுமையாகப் படிப்பார். இதைப் பாடப் புத்தகத்தில் என்னால் கற்றுக்கொடுக்க முடிந்ததில்லை.

திரும்பி வரும்போது ஆண்டிபட்டிக்கு அருகே 1959இல் கட்டி முடித்த வைகை அணை, சோழவந்தானின் வெற்றிலைக் கொடிக்கால்கள், பிறகு சாக்கடை கலக்கும் நம் மதுரைக் கரை, அதற்கும் கிழக்கே கடம் செய்யும் மண்ணுக்குப் பெயர்போன மானாமதுரை, தறிச் சத்தம் கேட்கும் பரமக்குடி என்று ஆறு உங்களை அழைத்துச் செல்லும். பரமக்குடியைத் தாண்டினால் சீமைக்கருவேலங்காடும், வறண்ட கண்மாய்களும், தண்ணீர் திறப்பார்களா என்ற ஒரே கேள்வியும்தான். கம்பத்தில் இருபோகம் விளைவித்த அதே நீர் இங்கே ஒரு போகத்துக்கும் உறுதி சொல்லாது. வைகைப் பாசன மாவட்டங்களுக்கிடையே ஆண்டுதோறும் எழும் தண்ணீர்ச் சண்டையின் காரணம் அந்த நான்கைந்து நாளில் உங்களுக்கு விளங்கிவிடும். நீர்வளம், வேளாண்மை, சட்டம், ஊராட்சி என்று எதைப் படிக்கலாம் என்ற எண்ணம் அங்கே முளைத்தால், அதைவிட நல்ல தொடக்கம் வேறு இல்லை.

ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால்?

மாங்குளம் குன்றுக்குப் போங்கள். அங்குள்ள குகைத்தளங்களில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டுகளும் சமண முனிவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகளும் இருக்கின்றன. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரோடு வெள்ளறை வணிகக் குழுவினரின் பெயரும் அவற்றில் வருகிறது. அழகர்மலைக் குகையில் உப்பு வணிகரும் ஏரின் கொழு விற்கும் வணிகரும் கொடை தந்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. நடந்தே வாழ்ந்த துறவிகளுக்கு, நடந்தே விற்ற வணிகர்கள் அமைத்துக் கொடுத்த படுக்கைகள் அவை. பயணம் நம் மண்ணுக்குப் புதிய பழக்கம் என்று எண்ணுவோர் அவசியம் பார்க்க வேண்டும். பக்கத்திலுள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எதிர்த் திசையில் போக விரும்பினால் 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது.

பக்கத்து ஊர்களைப் பார்த்தால் போதாதா, நெடுந்தூரம் போகத்தான் வேண்டுமா?

ஒரு முறையாவது போக வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்குச் செல்லும் திருக்குறள் விரைவு ரயில் மதுரை வழியாகத்தான் போகிறது. அதில் சன்னலோரம் அமர்ந்து ஏறக்குறைய இரண்டு நாள் வெளியே பார்த்துக்கொண்டு போவதே ஒரு படிப்பு. விஜயவாடாவில் கிருஷ்ணை, நாகபுரிக்கு முன்னும் பின்னும் பருத்தி விளையும் கரிசல், போபாலுக்கு முன்னால் நர்மதை, குவாலியருக்கும் ஆக்ராவுக்கும் இடையே சம்பல் ஆற்றின் அரித்துப்போன மண்மேடுகள் என்று நாடு மெல்ல மாறிக்கொண்டே வரும். விமானத்தில் போனால் இந்த மாற்றம் தெரியாது. ஏறிய ஊரும் இறங்கிய ஊரும் மட்டுமே நினைவில் நிற்கும்.

நெடுந்தூரம் போவதில் இன்னொரு நன்மை உண்டு. இதைச் சொல்லத் தயங்குபவர்கள் பலர் என்பதால் நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். நம் கிராமங்களில் புதிதாக ஒருவர் வந்தால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று கேட்டு, மூன்றாம் கேள்விக்குள் சாதியைத் தெரிந்துகொண்டுவிடுகிறார்கள். நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ அந்தத் தெருவின் பெயர் எவருக்கும் எதையும் சொல்லாது. மேலென்றும் கீழென்றும் ஊர் கொடுத்த இடம் எதுவும் இல்லாமல், பேச்சையும் நடத்தையையும் மட்டுமே கொண்டு மதிக்கப்படும் அனுபவம் இருபது வயதில் கிடைப்பது பெரிய பேறு. ஊரில் இழிவைச் சந்தித்த பிள்ளைக்கு அது நிமிர்வைத் தருகிறது. ஊரில் தனக்குத் தானாகவே கிடைத்துவந்த மரியாதை எவ்வளவு என்பதை மற்றப் பிள்ளை அங்கேதான் முதன்முதலாக உணர்கிறது. இருவரும் அந்த அறிவோடு திரும்பிவந்து திருமணமும் தொழிலும் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கள் வீட்டில் அவ்வளவு வசதி இல்லை. பணத்துக்கு என்ன செய்வது?

கடன் வாங்கிப் பயணம் போகாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடன் அட்டையில் தவணை போட்டுச் சுற்றுலா போகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். போகும் தூரத்தைக் கையிலுள்ள பணம் முடிவு செய்யட்டும்.

இந்தியாவில் ரயில் பயணம் இன்னமும் ஏழைக்கு எட்டும் செலவில்தான் இருக்கிறது. படுக்கை வசதிப் பெட்டியில் போவதானால் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னரே திறக்கும். அப்போதே எடுத்துவிட்டால் கடைசி நேர முன்பதிவான தத்கலுக்கு உரிய கூடுதல் கட்டணம் கொடுக்க வேண்டியிராது. பலர் அறியாத ஒன்று சுற்றுப் பயணச்சீட்டு. மதுரையில் தொடங்கி மதுரையிலேயே முடியும்படி ஒரு வழித்தடத்தைக் குறித்துக் கொடுத்தால், இடையே எட்டு ஊர்கள் வரை இறங்கித் தங்கிச் செல்லும்படி ஒரே பயணச்சீட்டு தருகிறார்கள். ஊர் ஊராகத் தனித்தனியே சீட்டு எடுப்பதைவிட அது மலிவு. மதுரை ஒரு ரயில்வே கோட்டத்தின் தலைமையிடம் என்பதால் வணிகப் பிரிவில் விசாரிப்பதும் எளிது. ஒவ்வொரு கட்டத்துக்கும் படுக்கையைத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கல்விப் பயணமாகப் போகும் மாணவர்களுக்கும், விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் மாணவர்களுக்கும் கல்லூரியின் சான்றோடு கட்டணச் சலுகை உண்டு.

தங்குவதற்கு ரயில் நிலைய ஓய்வறைகளும் பொதுப் படுக்கைக் கூடங்களும் இருக்கின்றன. உறுதியான பயணச்சீட்டு உள்ளவர்கள் முன்பதிவு செய்யலாம். அமிர்தசரஸ் பொற்கோயிலில் எந்த மதத்தவரானாலும் இலவசமாக உணவு கிடைக்கிறது. வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது மதுரைக்கும் பழைய வழக்கம்தான். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்த பெருமையால் இன்றும் நினைக்கப்படுகிறார். அவர் பெயரிலான சத்திரம் நம் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

பெற்றோர் விடமாட்டார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அவர்களுடைய அச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள். பெரும்பாலான அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும் நீங்கள் எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள், எப்போது பேசுவீர்கள் என்பதுதான் கவலை. ரயில் எண், தங்கும் இடம், உடன் வருபவரின் பெற்றோர் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, முதலில் ஒரு நாள் பயணம், பிறகு ஓரிரவு, பிறகு ஒரு வாரம் என்று போய், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்து காட்டுங்கள். பொய் சொல்லிவிட்டுப் போவதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன். ஒரு முறை பிடிபட்டால் உங்கள் தங்கைக்கும் சேர்த்துக் கதவு மூடப்படும்.

பெற்றோரிடம் நான் சொல்வது இது. காந்தி 1888இல் லண்டனுக்குக் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது பதினெட்டு. கடல் கடக்கக் கூடாது என்று பம்பாயில் அவருடைய சாதிப் பெரியவர்கள் தடுத்தார்கள். கேட்காததால் சாதியைவிட்டு விலக்கினார்கள். தாய்க்கு மூன்று உறுதிமொழிகள் கொடுத்துவிட்டுத்தான் அவர் போனார். உங்கள் பிள்ளையிடமும் நீங்கள் உறுதிமொழி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு அனுப்பிவையுங்கள்.

பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?

கல்யாணம் ஆன பிறகு புருஷனோடு எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் என் வகுப்புகளில் ஏராளமாக இருந்திருக்கிறார்கள். திருமணத்துக்குப் பிறகு அவர்களுள் பலர் சமையலறைக்கும் மாமியார் வீட்டுக்கும் இடையேதான் பயணம் செய்கிறார்கள். ஆகவே பெண்களுக்குத்தான் இளமையில் பயணம் ஆண்களைவிட அவசியம் என்று கருதுகிறேன். அவர்களுக்கு அந்தக் காலம் இன்னும் குறுகியது.

ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன்; அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நெடுந்தூர விரைவு ரயில்களின் படுக்கை வசதி வகுப்பில், தனியாகவோ பெண்கள் மட்டுமாகவோ செல்வோருக்கென ஆறு படுக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. முன்பதிவின்போது மகளிர் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும். புதிய ஊரில் பகல் வெளிச்சத்தில் இறங்கும்படி ரயிலைத் தேர்ந்தெடுங்கள். முதல் இரவு தங்குமிடத்தை ஊரிலிருந்தே உறுதி செய்துகொள்ளுங்கள். அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181, ரயில்வேயின் 139 ஆகிய எண்கள் மனத்தில் இருக்கட்டும். இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து போவது தொடக்கத்துக்கு நல்லது. தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் திருப்பரங்குன்றம், அழகர்கோவில் போன்ற இடங்களுக்குத் தானாகப் போய்வந்து பழகிய மாணவிகள், அடுத்த அடி எடுத்துவைக்கும்போது தயங்குவதில்லை என்பதைக் கண்ணாரக் காண்கிறேன்.

எங்கள் ஊர்ப் பையன்கள் பதினாறு வயதிலேயே வெளிமாநிலம் போய்விடுகிறார்கள். அவர்களுக்கும் இந்த அறிவுரையா?

இந்தக் கேள்வி என்னை ஒவ்வொரு முறையும் தைக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து முறுக்குப் போடும் கூடங்களுக்காக முன்பணம் வாங்கிக்கொண்டு வடக்கே அனுப்பப்பட்ட சிறுவர்கள் உண்டு. விடியும் முன் அடுப்பின் முன் நின்று இரவில் அங்கேயே படுத்து உறங்கியவர்கள் அவர்கள். ஆயிரம் கிலோமீட்டர் போயும் நான்கு சுவர்களுக்கு வெளியே எதையும் பார்க்கவில்லை. நான் பேசும் பயணம் அது அன்று. தானாக முடிவெடுத்துப் போவதும், நினைத்தபோது திரும்பி வர முடிவதும் இருந்தால்தான் போகிற ஊர் ஒருவருக்கு எதையாவது கொடுக்கும். அப்படிப்பட்ட கூடங்களில் சிறுவர்களைக் கண்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். வயது வந்த பின் வேலைக்காக வெளியூர் போனவர்கள், வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வில் அந்த ஊரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தி தெரியாமல் வடக்கே சமாளிக்க முடியுமா?

முடியும். எண்கள், விலை கேட்பது, வழி கேட்பது, தண்ணீர், சாப்பாடு ஆகியவற்றுக்கான சொற்களைப் போகும்போதே ரயிலில் பக்கத்துப் பயணிகளிடம் கற்றுக்கொள்ளலாம். மீதிக்கு ஆங்கிலமும் கைச்சாடையும் உதவும். மாட்டுத்தாவணி உணவகங்களில் மேசை துடைக்கும் பீகார்ப் பையன்களும், நம் கட்டடங்களில் கல் சுமக்கும் ஒடிசா இளைஞர்களும் தமிழ் ஒரு சொல்லும் தெரியாமல்தான் வந்து இறங்கினார்கள். நீங்கள் வடக்கே பாட்னாவிலோ கோரக்பூரிலோ நின்று ஒரு குவளைத் தண்ணீர் கேட்கத் திணறிவிட்டு ஊர் திரும்பினால், அந்தப் பையனிடம் பேசும் உங்கள் தொனி மாறிவிடும்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் நேரத்தை வீணாக்கலாமா?

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது போகாதீர்கள். ஆனால் அரசுப் பணித் தேர்வுக்காக நான்கு, ஐந்து ஆண்டுகளை நூலகத்தில் கழிப்பவர்கள், அவற்றுள் பத்து நாளைப் பயணத்துக்குக் கொடுத்தால் எதுவும் குறைந்துபோகாது. நாளை வட்டாட்சியராகவோ ஊராட்சிச் செயலராகவோ அமரப்போகிறவர், தம் மாவட்டத்தின் கண்மாய்களைக்கூடப் பார்த்திராமல் பதவியேற்பதை நான் நல்லதாகக் கருதவில்லை.

தனியாகப் போவதா, நண்பர்களோடு போவதா?

முதல் பயணத்தில் ஒருவரோ இருவரோ உடன் வரட்டும். நான்கு பேருக்கு மேல் போனால் மீண்டும் கல்லூரிச் சுற்றுலாவாகிவிடும். பழகிய பிறகு ஒரு முறை தனியாகப் போய்ப் பாருங்கள். தனியாக இருப்பவரிடம்தான் பக்கத்து இருக்கைக்காரர் மனம்விட்டுப் பேசுவார்.

வெளிநாடு போவது பற்றி?

இங்கேதான் வயது சட்டமாகவே குறுக்கே நிற்கிறது. ஆஸ்திரேலியா இந்தியர்களுக்கு வழங்கும் வேலையுடன் கூடிய விடுமுறை விசாவும், பிரிட்டன் இந்தியப் பட்டதாரிகளுக்கு வழங்கும் இளம் தொழில்முறையாளர் விசாவும் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே. முன்னது ஓராண்டு தங்கவும் பின்னது இரண்டு ஆண்டுகள் வரை தங்கவும் இடம் தருகிறது. இரண்டிலும் குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இவை இருப்பதே தெரியாமல் முப்பத்தொன்றாம் பிறந்த நாளைக் கடந்துவிட்டவர்கள் பலர். விண்ணப்பத்துக்கும் செலவுக்கும் இடைத்தரகரிடம் பெருந்தொகை கொடுத்து ஏமாற வேண்டாம். அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்திலேயே எல்லாம் இருக்கிறது.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். பெரியவர்களுக்கான 36 பக்கச் சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், பத்தாண்டு செல்லும்; மதுரையிலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டை மலிவாகப் பார்க்க விரும்பினால் நேபாளம் செல்லுங்கள். இந்தியருக்கு அங்கே விசா வேண்டாம். கோரக்பூர் வரை ரயிலில் போய், சுனௌலி எல்லையைத் தரைவழியாகக் கடந்துவிடலாம்.

எனக்கு முப்பது தாண்டிவிட்டது. இனிப் பயனில்லையா?

அப்படி நான் எங்கும் சொல்லவில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதி வீட்டில் காந்தி அரையாடைக்கு மாறினார். ரயில் பயணத்தில் கண்ட ஏழைகளால் கதர் வாங்கி முழு உடை உடுத்த முடியாது என்ற எண்ணம் அந்த முடிவுக்குத் தூண்டுதலாக இருந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. பார்த்ததற்காகத் தம்மை மாற்றிக்கொள்ளும் பழக்கம் பதினெட்டு வயதிலிருந்தே அவரிடம் பயின்று வந்தது. அந்தப் பழக்கம் உங்களிடமும் இருந்தால் எந்த வயதிலும் போகலாம். அது தொடங்குவதற்கு எளிய வயது எது என்பதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எந்த மாதம் போவது நல்லது?

இளங்கலையோ முதுகலையோ முடிக்கும் மாணவர்களுக்கு, கடைசித் தேர்வுக்கும் வேலையிலோ மேற்படிப்பிலோ சேர்வதற்கும் இடையே ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரை கிடைக்கும் இடைவெளிதான் மிகப் பெரியது. அவ்வளவு நீண்ட இடைவெளி மறுபடி ஓய்வுபெறும்போதுதான் பலருக்கு வாய்க்கிறது. மே மாதத்தில் மதுரையும் சமவெளி வடநாடும் கொதிக்கும் என்பதால், அப்போது இமாச்சலம், உத்தராகண்டம் போன்ற மலை மாநிலங்களையோ நம் மேற்குத் தொடர்ச்சி மலையையோ தேர்ந்தெடுங்கள். குற்றாலத்துக்கும் செங்கோட்டை வழியே கொல்லம் போகும் ரயில் பாதைக்கும் ஜூன், ஜூலை ஏற்றவை. ஆற்றிலும் கண்மாய்களிலும் தண்ணீர் பார்க்க வேண்டுமானால் வைகைப் பயணத்தை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் இறுதிக்கும் பிப்ரவரிக்கும் இடையே, அதாவது பொங்கல் விடுமுறையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வடக்கே போவதாக முடிவு செய்தவர்கள் மார்ச் முதல் வாரத்திலேயே தேதியை உறுதி செய்து, முன்பதிவு திறக்கும் நாள் காலை எட்டு மணிக்கே பயணச்சீட்டை எடுத்துவிட வேண்டும். கோடை விடுமுறையில் படுக்கைகள் விரைவிலேயே தீர்ந்துவிடும்.